டோலியில் ஏறிவந்த திருச்சபை

முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா என்றொரு பழமொழி நம்மிடம் உண்டு. எட்டாததற்கு ஏங்குபவனை ஏளனம் செய்ய அதைச் சொல்கிறோம். தேன் உயரத்தில் இருப்பது, ஏறுவதற்குக் கால் வேண்டும், கால் இல்லாதவன் தன் எல்லையை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் உட்கிடை. தேனுக்குப் பேர்போன பழனி மலைத்தொடரின் உச்சியிலேயே இந்தப் பழமொழியைப் பொய்யாக்கிய ஓர் ஊர் இருக்கிறது. கொடைக்கானல் என்னும் மலைவாழிடம் மலையேற இயலாதவர்களுக்காகவே உருவானது. நோயுற்றவர்களும் நடக்க வலுவற்றவர்களும் உச்சிக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று முடிவு செய்ததும் ஒரு திருச்சபைதான். உடற்குறை உடையோரைத் தமிழகத் திருச்சபைகள் எவ்வாறு ஏற்றன, எந்த இடத்தில் நிறுத்தி வைத்தன என்ற வரலாற்றைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் நமக்குத் தென்படவில்லை.

அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மதுரையில் காலூன்றியது. அடுத்த பத்தாண்டுகளில் காலராவும் காய்ச்சலும் அக்குழுவினரை ஒருவர் பின் ஒருவராக வாரிக்கொண்டு போயின. குளிர்ந்த ஓர் இடம் தேடி முதலில் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் அவர்களை விடவில்லை. அதன் பிறகே ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் உள்ள பழனி மலையின் மேற்பரப்பைத் தேர்ந்தனர். 1845-இல் 'சன்னி சைடு', 'ஷெல்டன்' என்னும் இரண்டு வீடுகள் அங்கே எழுந்தன. இன்று ஏரியும் படகும் சாக்லேட்டுக் கடைகளுமாக நாம் காணும் கொடைக்கானலின் விதை அந்த இரண்டு வீடுகளே. உண்மையில் அவை நலிந்த உடல்களுக்கான சுகவாசத் தலங்கள்.

அங்கே போய்ச் சேர்வது எளிதாக இருக்கவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில்தான் வாகனங்கள் ஏறும் சாலை வந்தது. அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளும், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையே வழி. அதற்கு வைத்த பெயரே 'கூலி காட்'. குதிரையில் ஏற முடிந்தவர்கள் குதிரையில் போனார்கள். இயலாதவர்களும் பெண்களும் குழந்தைகளும் டோலியிலும் மூங்கில் கட்டிய நாற்காலியிலும் அமர்ந்துகொள்ள, கூலியாட்கள் முறை மாற்றி முறை மாற்றித் தோளில் சுமந்து ஏறினார்கள். சுமந்தவர்களின் பெயர்களை எந்தத் தேவாலயக் கல்வெட்டும் சொல்லவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. டோலியில் வந்து இறங்கிய துரைமாரையும் துரைசானிகளையும் அவர்களது சபை குறைவுபட்ட உறுப்பினர்களாகக் கருதவில்லை. மூட்டு வீங்கிய போதகர் நாற்காலியில் அமர்ந்தே செபம் நடத்தலாம். நடக்க இயலாதவர் ஞாயிறு ஆராதனைக்குத் தூக்கிவரப்படலாம். அவருக்கு வேண்டிய ஏற்பாடு செய்யப்பட்டது. அதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யவில்லை. ஏற்றுக்கொள்ளுதல் என்பதற்கு அற்புதம் எதுவும் தேவையில்லை, நான்கு தோள்களும் ஒரு நாற்காலியும் போதும் என்பதை அந்த மலைப்பாதை காட்டிவிட்டது. ஆனால் அந்த நாற்காலி எந்த உடலுக்குக் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று கேட்கும்போதுதான் வரலாறு சிக்கலாகிறது.

இந்தக் கேள்வி மலைக்கு வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபையின் சட்ட ஏடுகளில் குடியேறிவிட்டது. பழைய ஏற்பாட்டின் லேவியர் நூல் 21-ஆம் அதிகாரம் ஆரோனின் வழிவந்த குருக்களுள் குருடர், முடவர், கூனர், குள்ளர், கையோ காலோ முறிந்தவர் ஆகியோர் பலிபீடத்தை நெருங்கலாகாது என விலக்குகிறது. அதே அதிகாரம் அடுத்த வரிகளிலேயே, கடவுளுக்குப் படைத்த தூய உணவை அவர்கள் உண்ணலாம் என்கிறது. உண்ணலாம், நெருங்கக் கூடாது. பந்தியில் இடமுண்டு, பலிபீடத்தில் இல்லை. பிற்காலத் திருச்சபைகள் பலவும் தாம் அறிந்தோ அறியாமலோ இந்த இரட்டை ஏற்பாட்டையே பின்பற்றி வந்திருக்கின்றன என்பது நம் கணிப்பு.

மறுபக்கக் குரலும் பழமையானதே. நான்காம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட 'திருத்தூதர் விதிகள்' என்னும் தொகுப்பில், ஒரு கண் இழந்தவரோ கால் ஊனமுற்றவரோ தகுதியுடையவராயின் ஆயராகலாம் என்று ஒரு விதி இருக்கிறது. உடலின் குறை மனிதனைத் தீட்டாக்காது, ஆன்மாவின் மாசே தீட்டாக்கும் என்று காரணமும் சொல்லப்படுகிறது. அதற்கு அடுத்த விதி செவிடரும் குருடரும் ஆயராவதைத் தடுக்கிறது. அவர்கள் தீட்டுப்பட்டவர்கள் என்பதால் அல்ல, சபையின் காரியங்கள் தடைப்படக் கூடாது என்பதால் என்று அங்கும் ஒரு விளக்கம் உண்டு. தீட்டு என்னும் காரணம் போய், வசதிக் குறைவு என்னும் காரணம் வந்து சேர்ந்தது. இன்றைய அலுவலகங்கள் மாற்றுத்திறனாளிகளை மறுக்கும்போது சொல்லும் காரணமும் ஏறக்குறைய இதுதானே!

1917-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாகவே எழுதிவைத்தது. தளர்வினால் பலிபீடப் பணியைப் பாதுகாப்பாக ஆற்ற முடியாதவர்களும், உருக்குலைவினால் அதைக் கண்ணியமாக ஆற்ற முடியாதவர்களும் குருத்துவத்துக்குத் தகுதியற்றவர்கள் என்றது 984-ஆம் விதி. இதில் 'பாதுகாப்பாக' என்ற சொல்லையாவது புரிந்துகொள்ளலாம். 'கண்ணியமாக' என்ற சொல்தான் உறுத்துகிறது. அந்தக் கண்ணியம் பீடத்தில் நிற்பவரின் கையில் இல்லை, கீழே அமர்ந்திருப்போரின் கண்ணில் இருக்கிறது. பார்ப்பவருக்கு அருவருப்பு என்றால் அதற்கான தண்டனை பார்க்கப்படுபவருக்கு.

இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் பழனி மலையில் குருக்களை உருவாக்கும் பெரிய இல்லம் ஒன்று இயங்கிவந்தது. கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் இயேசு சபையினர் 1895-இல் நிறுவிய திருஇருதயக் கல்லூரிதான் அது. அங்குள்ள தாவர, விலங்குச் சேகரிப்புகளை வாசகர்கள் சிலர் பார்த்திருக்கக்கூடும். அங்கே பயின்ற துறவற மாணவர்களுக்கும் மேற்கண்ட விதி பொருந்தும். அச்சபையின் சொந்த யாப்பு விதிகளும் உறுப்பினராக விரும்புவோரின் உடல்நலத்தையும் தோற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டன. விதிவிலக்குக்கும் இடம் வைத்தன. அந்த விதிகளை எழுதியவர் யார் என்று பார்த்தால் வரலாற்றின் குறும்பு விளங்கும். இயேசு சபையை நிறுவிய இக்னேசியஸ் லொயோலா 1521-இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டடிபட்டுக் கால் முறிந்தவர். அழகாக நடக்க வேண்டும் என்ற ஆசையில் துருத்திய எலும்பை அறுத்தெடுக்கச் செய்தும், ஒரு கால் குட்டையாகவே நின்றுவிட்டது. வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்த ஒருவரின் பிள்ளைகள்தாம் உலகெங்கும் மலையேறிப் போனார்கள்.

சட்டம் ஓரிடத்தில் இளகவும் செய்தது. குருவாகும் முன் வந்த குறைக்கு ஓர் அளவுகோல், குருவான பின் வந்த குறைக்கு இன்னோர் அளவுகோல். பின்னதற்குச் சலுகை அதிகம். வட அமெரிக்காவில் 1642-இல் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி விரல்களை இழந்த இயேசு சபைக் குரு ஐசக் ஜோக், அந்தக் கைகளோடு திருப்பலி நிறைவேற்றத் திருத்தந்தை எட்டாம் அர்பன் தனியாக அனுமதி தந்தார். நமக்கு நெருக்கமான சான்று வேண்டுமானால் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி இருக்கிறார். 1606-இல் மதுரைக்கு வந்து, தமிழ் உரைநடைக்கு வளம் சேர்த்த அவர், முதுமையில் ஏறக்குறைய முழுமையாகவே பார்வை இழந்து 1656-இல் மயிலாப்பூரில் காலமானார். பார்வை போனதால் அவர் குருவாக இல்லாமல் போகவில்லை. அதே பார்வையின்மையோடு ஓர் இளைஞன் குருமடத்தின் கதவைத் தட்டியிருந்தால் கதவு திறந்திருக்காது. உள்ளிருப்பவரின் இழப்பு தியாகமாகவும் வெளியிலிருப்பவரின் இழப்பு தகுதியின்மையாகவும் தோன்றிய காலம் அது.

தொழுநோயின் கதை இதனினும் கனமானது. 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் தன் 23-ஆம் விதியில், தொழுநோயாளர் கூடி வாழும் இடங்களில் அவர்களுக்கெனத் தனிக் கோயில், தனிக் கல்லறைத் தோட்டம், தனிக் குரு வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பொதுக் கோயிலுக்குள் அவர்களை விடாத குருக்கள் தனிக் கோயிலுக்கும் இடம் தராமல் அலைக்கழித்ததைக் கண்டித்துப் பிறந்த விதி அது. இரக்கத்தில் பிறந்ததுதான். ஆனால் பிரிவினைக்கு அது தந்த உறுதி எட்டு நூற்றாண்டு நீடித்தது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்துக் கோயில் கட்டி, அந்தச் சுவரை 1910-இல் இடிக்க வேண்டியிருந்த வரலாறு நமக்குத் தெரியும். தொழுநோயாளருக்கான சுவர் அப்படிக் கண்ணில் படுவதில்லை. அது ஊருக்கு வெளியே ஒரு வளாகமாக, நல்ல மரங்களோடும் மருத்துவமனையோடும் நின்றது. ஆகவே அதைச் சுவர் என்று யாரும் சொல்லவில்லை.

1874-இல் வெல்லஸ்லி பெய்லி தொடங்கிய தொழுநோய் மிஷனின் உதவியால் இந்தியாவெங்கும் அத்தகைய வளாகங்கள் எழுந்தன. கொடைக்கானலை நிறுவிய அதே அமெரிக்க மதுரை மிஷனின் எல்லைக்குள் மானாமதுரையில் தயாபுரம் என்னும் தொழுநோயாளர் இல்லம் அமைந்தது. பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. தயை குடியிருக்கும் ஊர் அது. பிற ஊர்களில் தயை இல்லை என்பதையும் அப்பெயர் சேர்த்தே சொல்கிறது போலும். 1898-இல் ஆங்கில அரசு இயற்றிய தொழுநோயாளர் சட்டம் பிச்சையெடுக்கும் நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்தது. அச்சூழலில் மிஷன் இல்லங்கள் எத்தனையோ உயிர்களைக் காத்தன என்பதில் நமக்கு ஐயமில்லை. அதே மிஷனின் நலிந்த உறுப்பினர் மலைமேல் குடும்பத்தோடும் சபையோடும் இருந்தார். நலிந்த தமிழர் சமவெளியில் தம்மைப் போன்றவர்களோடு மட்டும் இருந்தார். ஒருவருக்கு டோலி, மற்றவருக்கு வளாகம். நோய் வேறு, தொற்றச்சம் வேறு என்று வாதிடலாம். நோய் ஆறிய பின்னும் எஞ்சி நின்ற மடங்கிய விரல்களுக்கும் சரிந்த மூக்குக்கும் அந்த வாதம் பொருந்தாது. அவை தொற்றுவன அல்ல, வெறும் தழும்புகள்.

இந்தத் தழும்பு விவகாரத்தில்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வரலாற்றில் நுழைகிறது. அதை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் தம் இறுதிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்து 1960-இல் அங்கேயே மறைந்தார் என்பதால் மலைக்கும் வேலூருக்கும் உறவு உண்டு. கொல்லிமலையில் 1914-இல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் விரிக்க முடியும் என்று நிறுவியவர் அவர். கை விரிந்த பிறகும் கதவுகள் விரியவில்லை என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார்.

பிலிப் யான்சியுடன் சேர்ந்து 1984-இல் வெளியிட்ட நூலில் அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி நம் பொருளின் மையத்தைத் தொடுகிறது. முகத்தசைகள் செயலிழந்த நோயாளி ஒருவர் அவரிடம் இருந்தார். சிரித்தால் முகம் கோணும். பார்ப்பவர் அஞ்சி ஒதுங்குவர். எல்லோரிடமும் முரண்பட்டுத் திரிந்த அவர் நாளடைவில் கிறித்தவத்தைத் தழுவினார். ஊரிலுள்ள தமிழ்ச் சபை தம்மை ஏற்குமா என்பதே அவருடைய கவலை. பிராண்ட் சபை மூப்பர்களிடம் போய்ப் பேசினார். நோய் கட்டுப்பட்டுவிட்டது, தொற்றாது என்று விளக்கினார். மூப்பர்களின் தயக்கம் எங்கே வந்து நின்றது தெரியுமா? திருவிருந்துக் கிண்ணத்தில். அச்சபையில் எல்லோரும் ஒரே கிண்ணத்திலிருந்து பருகுவது வழக்கம். அந்த உதடு பட்ட இடத்தில் தங்கள் உதடு படலாமா? லேவியர் நூல் கூட உண்ணுவதற்குத் தடை சொல்லவில்லை. இங்கே பந்தியே கேள்விக்குள்ளாயிற்று.

மூப்பர்கள் விவாதித்து, கடைசியில் அவர் வரலாம் என்றனர். ஒரு நாள் ஆராதனை வேளையில் பிராண்ட் அவரை அழைத்துப் போனார். பாட்டு நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். தழும்பேறிய முகம் ஒன்றும் வெள்ளைக்காரர் ஒருவரும் வாசலில். அந்த மனிதர் பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்தார், முகம் மலர்ந்தார், தமக்குப் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி உட்கார அழைத்தார். புதியவர் தயங்கித் தயங்கிப் போய் அமர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து, உடற்குறையுடையோருக்கு வேலை தரும் ஒரு தொழிற்கூடத்தில் பிராண்ட் அவரை மீண்டும் சந்தித்தார். நுண்ணிய பாகங்களைச் செய்வதில் உயர்தர வேலைக்கான பரிசு பெற்றவராக அவர் நின்றிருந்தார்.

இடத்தைத் தட்டிக் காட்டிய அந்த மனிதரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. மூப்பர் கூட்டத்தின் தீர்மானத்தால் கதவு திறந்தது. ஆனால் சபையில் ஒருவர் சேர்ந்தது, ஒரு கை பலகையைத் தட்டிய அந்த நொடியில்தான்.

வேலூரிலேயே இன்னொரு திருப்பமும் நிகழ்ந்தது. 1954-இல் வாகன விபத்தொன்றில் இளம் மருத்துவர் மேரி வர்கீஸுக்கு முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் நின்றுபோயிற்று. பிராண்டின் தூண்டுதலால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். அறுவைக்கூடத்தில் மருத்துவரும் நோயாளியும் உடற்குறையுடையோர். மறுவாழ்வு மருத்துவத்தை வெளிநாட்டில் பயின்று திரும்பி, 1966-இல் தொடங்கிய வேலூர் மறுவாழ்வு நிலையத்துக்கு அவரே அச்சாணியாக இருந்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. பராமரிக்கப்படுபவர் பராமரிப்பவராக மாறுவது திருச்சபை நிறுவனம் ஒன்றில் எத்தனை அரிய காட்சி! மருத்துவமனையின் பலிபீடம் என்று அறுவை மேசையைச் சொல்லலாமெனில், தேவாலயத்தின் பலிபீடத்தைவிட அது முன்னதாகவே திறந்துவிட்டது.

மலைக்குத் திரும்புவோம். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, கொடைக்கானலைத் தன்னுள் கொண்ட மதுரை-இராமநாதபுரம் பேராயத்தின் முதல் பேராயராக லெஸ்லி நியூபிகின் பொறுப்பேற்றார். 1936-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த அவர், வந்த சில மாதங்களிலேயே பேருந்து விபத்தில் கால் நொறுங்கி, காலையே எடுக்க வேண்டுமோ என்ற நிலையில் தாயகம் அனுப்பப்பட்டார். பல அறுவைகளுக்குப் பின் 1939-இல்தான் திரும்ப முடிந்தது. இந்தியாவில் மிஷனரிப் பணி இனி இல்லை என்று பலரும் கைகழுவிய கால்கள் அவை. அந்தக் கால்களோடுதான் 1959 வரை மதுரை, இராமநாதபுரக் கிராமங்களில் அலைந்தார்.

அவர் பிற்காலத்தில் எழுதிய ஏராளமான இறையியல் நூல்களைப் பலரும் அறிவர். உலகத் திருச்சபைகள் மாமன்றம் 1979-இல் வெளியிட்ட தொகுப்பு நூலில் அவர் எழுதிய சிறு கட்டுரை அவ்வளவாகப் பேசப்படவில்லை. உடற்குறையுடையோர் இல்லாமல் சபை முழுமையாகாது என்பது அதன் தலைப்பின் பொருள். அதற்கு நான்காண்டுகள் முன்னர், 1975-இல் நைரோபியில் கூடிய அம்மாமன்றத்தின் பேரவை இதே பொருளை விவாதித்திருந்தது. ஊனமுற்றோரை வெளியே விட்டுவிட்ட சபைதான் ஊனமுற்ற சபை என்ற திசையில் சிந்தனை திரும்பிய காலம் அது. 1994-இல் அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லாண்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். உயிர்த்தெழுந்த கிறிஸ்து ஆணித் தழும்புகளை நீக்கிவிட்டு வரவில்லையே, மகிமையடைந்த உடலிலும் காயம் இருந்ததே என்று கேட்டார் அவர். பிறவியிலேயே எலும்புக் குறையோடு பிறந்தவர் அந்த அம்மையார். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'கண்ணியம்' என்ற அளவுகோலைக் கொண்டு தோமாவின் முன் நின்ற அந்தக் கைகளை அளந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் நமக்குத் தோன்றாமல் இல்லை.

தமிழ் ஆசிரியர்களாகிய நமக்குச் சொற்களின் மீது தனிக் கண் உண்டு. நம் மரபும் இதில் தூய்மையானதன்று. புறநானூற்றின் 28-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பார்வையின்மை, கூன், குறள், ஊமை, செவிடு முதலான எட்டையும் பயனற்ற பிறப்புகளாக அடுக்குகிறார். குறளோ ஆள்வினையுடைமை அதிகாரத்தில் பொறியின்மை பழியல்ல, முயற்சியின்மையே பழி என்கிறது. ஒருவர் கண்ணும் மற்றவர் காலும் ஆகிப் பாடித் திரிந்த இரட்டைப் புலவர்களை நாம் கொண்டாடுகிறோம். பழனி மலையின் அடிவாரத்திலேயே, சிறுவயதில் அம்மை நோயால் பார்வை இழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசுகவியாகக் கோலோச்சினார். அமெரிக்கர் டோலியில் மலையேறிய அதே காலம். சேதுபதியின் அவையில் அவருக்கு ஆசனம் இருந்தது. நினைவாற்றலும் செவிப்புலமும் கல்வியின் கருவிகளாக இருந்த மரபில் கண்ணிழந்தவருக்கு இடம் கிடைத்தது. அச்சுப் புத்தகம் வந்து கல்வியைக் கண்ணுக்கு உரியதாக்கிய பின் அந்த இடம் சுருங்கியது. இன்றும் தமிழ் இலக்கியம் பயில வரும் பார்வையற்ற மாணவர்கள் கல்லூரிகளில் கணிசம். ஒரு முறை கேட்ட உரையை அவர்கள் திருப்பிச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு நாவலரின் நினைவு வரும்.

தமிழ் விவிலியத்தின் சொற்களையும் இங்கே பார்த்துவிடலாம். 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சேற்றியது முதல், புரட்டஸ்தாந்தர் இன்றும் பெரிதும் வாசிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு வரை, உடற்குறையுடையோர் சப்பாணி, குருடன், ஊமையன், குஷ்டரோகி, திமிர்வாதக்காரன் என்றே வருகின்றனர். ஞாயிறுதோறும் சபையில் உரக்க வாசிக்கப்படும் சொற்கள் இவை. பின்வரிசையில் ஊன்றுகோலோடு அமர்ந்திருப்பவரின் காதிலும் விழுகின்றன. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், முடக்குவாதமுற்றவர், தொழுநோயாளர் என மாற்றியது. அரசு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லுக்கு வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே நிகழ்ந்த மாற்றம் இது. பழைய சொற்களின் ஓசையழகை விரும்பும் நண்பர்கள் நமக்கு உண்டு. ஓசை நமக்கும் பிடிக்கும். ஆயினும் சப்பாணி என்பது தெருவில் கல்லெறிவது போல வீசப்படும் சொல்லாகிவிட்ட பின் அதைப் பீடத்திலிருந்து வாசிப்பது தகாது என்பதே நம் கட்சி.

தமிழ்க் கத்தோலிக்கரின் பெரும் யாத்திரைத் தலமான வேளாங்கண்ணியின் தொன்மத்தில் நடுநாயகமாக இருப்பவனும் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன்தான். அன்னை அவனிடம் மோர் கேட்கிறாள், நாகப்பட்டினத்துக்குச் செய்தி கொண்டுபோகச் சொல்கிறாள், அவன் எழுந்து ஓடுகிறான். அந்தக் கதையை நம் மக்கள் குணமானதற்காகவே சொல்கிறார்கள். நமக்கோ முதற்பகுதி முக்கியமாகப் படுகிறது. நடக்க முடியாதவனிடம் தூது ஒப்படைக்கப்பட்டது. குணம் அதற்குப் பின்னரே வந்தது. வேளாங்கண்ணியில் வெள்ளியிலும் மெழுகிலும் செய்த கைகால்களைக் காணிக்கையாக வைக்கிறார்கள். நம் கோயில்களில் கண்மலர் சாத்துவதும் அதே உணர்வுதான். வெள்ளிக் கால் பீடத்தருகே போய்விடுகிறது. கால் வழங்காதவர் படிக்கட்டின் கீழே நிற்கிறார். குணமளிக்கும் கூட்டங்கள் பெருகிய பின் இன்னொரு துன்பமும் சேர்ந்தது. மேடைமேல் எழுந்து நடக்காதவர் விசுவாசம் குறைந்தவர் ஆகிவிடுகிறார். அவர் வீடு திரும்பும்போது முன்பிருந்த ஊனத்தோடு ஒரு பழியையும் சுமந்து போகிறார்.

சட்டங்கள் மெல்லவே நகர்ந்தன. தொழுநோய்க்கான கூட்டுமருந்துச் சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்து, அது முற்றிலும் குணமாகும் நோய் என்று ஆன பின்னர், கிறித்தவருக்கான 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் 2001-இல் தொழுநோய் ஒரு காரணமாகப் புதிதாகச் சேர்க்கப்பட்டது! 2019-இல் அது நீக்கப்பட்டது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் ஏட்டிலிருந்து அகன்றது. கத்தோலிக்கத் திருச்சபை 1983-இல் வெளியிட்ட புதிய சட்டத் தொகுப்பில் உடற்குறை பற்றிய பழைய தடை இடம்பெறவில்லை. குருவாகப் போகிறவரின் உடல், உளத் தகுதியை ஆயர் ஆராய வேண்டும் என்ற பொதுவான விதி மட்டும் நிற்கிறது. தடையாக இருந்தது தனிமனிதரின் தீர்ப்பாக மாறியிருக்கிறது. அது கதவைத் திறக்கவும் கூடும், பழையபடி சாத்தவும் கூடும்.

பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோருக்கும், ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் 1897-இல் காதுகேளாதோருக்கும் பள்ளிகள் தொடங்கினர். காதுகேளாதோருக்குக் கல்வி என்பதே இந்தியாவில் பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு அடுத்தபடியாக அங்கேதான் வேரூன்றியது. நம்பிக்கை கேள்வியினால் வரும் என்று பவுல் ரோமருக்கு எழுதியதை வைத்து, கேளாதவர் நம்பிக்கை கொள்வது எப்படி என்று அகுஸ்தீன் காலத்திலிருந்தே இறையியலார் திகைத்து வந்தனர். பாளையங்கோட்டைச் சிறுமிகள் உதட்டசைவாலும் கையசைவாலும் செபம் சொல்லி அந்தத் திகைப்பைத் தீர்த்துவைத்தனர். ஆனால் அவர்கள் கேட்பவர்களாகவே, அதாவது பெறுபவர்களாகவே, நெடுங்காலம் இருந்தனர். 2024 மே மாதம் திருச்சூரில் திருச்சிலுவைத் துறவுச் சபையைச் சேர்ந்த, செவித்திறனற்ற இளைஞர் ஒருவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியாவில் இவ்வாறு குருவான முதல்வர் அவரே என்று செய்திகள் கூறின. சைகை மொழியிலேயே திருப்பலி நிறைவேற்றுபவர் அவர். அந்தப் பலியில் பங்கேற்கச் செல்லும் செவியுடையவர்களுள் சைகை அறியாதோருக்கு, அருகில் ஒருவர் நின்று பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.